பழைய காரின் உதறலும் கடகடப்பும்: எங்கே என்று தேடுமுன் எப்போது என்று பாருங்கள்

கார் உதறுகிறது என்று ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றால், விஷயம் தெரிந்த மெக்கானிக் உடனே பானெட்டைத் தூக்க மாட்டார். "நிக்கும்போதா, ஓடும்போதா? ஏசி போட்டா கூடுதா? பிரேக் பிடிச்சா?" என்று கேள்வியாகக் கேட்பார். பலருக்கு இது எரிச்சல். "அதைப் பாத்துச் சொல்லத்தானே அண்ணே உங்ககிட்ட கொண்டு வந்தேன்" என்பார்கள். ஆனால் வேலையில் பாதி அந்தக் கேள்விகளிலேயே முடிந்துவிடுகிறது. தகர உடம்புக்குள் சத்தம் ஓரிடத்தில் பிறந்து வேறோர் இடத்தில் கேட்கும். காதை நம்பித் தேடினால் அலைச்சல்தான் மிச்சம். எந்த நேரத்தில் வருகிறது, எப்போது நிற்கிறது என்று கவனித்தால் காரணம் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும்.

மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ நாகர்கோவிலிலோ ஒரு பழைய மாருதி 800, ஆல்டோ, சான்ட்ரோ, வேகன் ஆர், இண்டிகா வைத்து ஓட்டுகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஸ்பேனர் பிடித்த பழக்கம் வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து வருஷ வண்டி புது வண்டி மாதிரி ஆகாது. ஆனால் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இரண்டாகத் தெரிகிற அளவு அதிர்வைச் சகித்துக்கொண்டு ஓட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

என்ஜினா, சக்கரமா

காரில் சுற்றுகிற பெரிய சாமான்கள் இரண்டு வகை. என்ஜினோடு சேர்ந்து சுற்றுபவை, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுபவை. அதிர்வு எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று பிரிப்பதுதான் முதல் வேலை.

வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் என்ஜினை ஓடவிடுங்கள். அப்போதே உதறினால் சக்கரத்துக்கும் டயருக்கும் இதில் சம்பந்தம் இல்லை. ஓடும்போது மட்டும் வருகிறதென்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. நல்ல சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரில் போங்கள். அதே வேகத்தில் மூன்றாவது கியருக்கு மாற்றுங்கள். சக்கரம் முன்பு போலவே சுற்றுகிறது, என்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றுகிறது. அதிர்வு மாறாமல் அப்படியே இருந்தால் காரணம் சக்கரப் பக்கம். கியரோடு அதிர்வும் மாறினால் என்ஜின் பக்கம், அல்லது சைலன்சர்.

பிரேக் மிதித்தால் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது முன்பக்கம் குலுங்கி, காலை எடுத்தால் சட்டென்று நின்றுவிட்டால், முன்சக்கர டிரைவ் கார்களில் என்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்ட் மேல் முதல் சந்தேகம் வரும்.

இந்தச் சோதனைகளுக்கு இடம் முக்கியம். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை பழைய சாலை வளைவும் நெரிசலுமாக இருப்பதால் ஒரே வேகத்தில் ஒரு நிமிஷம்கூடப் போக முடியாது. ஆரல்வாய்மொழி தாண்டிய நான்குவழிச் சாலை தோது. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் அங்கே போகாதீர்கள். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே கணவாய்க் காற்று வண்டியையும் பக்கவாட்டில் தள்ளும். கதவு ரப்பரில் விசில் அடிக்கும். எது வண்டியின் குறை, எது முப்பந்தல் காற்று என்று பிரித்தறிய முடியாது.

சக்கரப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் மீதி பெரும்பாலும் எளிது. சிறிய காரின் சக்கரம் 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 13 தடவை சுற்றுகிறது. ரிம்மில் ஒரு பக்கம் சில கிராம் எடை கூடினாலும் நொடிக்கு 13 தடவை ஸ்டீயரிங்கைத் தட்டும். இதற்கு மருந்து வீல் பேலன்சிங். "அலைன்மென்ட் பண்ணியும் நடுங்குதே" என்று பலர் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும் டயர் ஓரம் தேய்வதற்கும்தான் அலைன்மென்ட். நடுக்கத்துக்கு அதைச் செய்வது பல்வலிக்காரர் கண் டாக்டரைப் பார்ப்பதுதான். பேலன்சிங் செய்தும் நிற்கவில்லை என்றால் ரிம் வளைந்திருக்கலாம், டயரில் புடைப்பு இருக்கலாம். டயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரமும் வருஷமும். 2316 என்று இருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

நின்றுகொண்டிருக்கும்போது உதறினால்

பழைய வண்டிகளில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். வடசேரி சிக்னலில் ஏசி போட்டு நிற்கிறோம், ஸ்டீயரிங், சீட், கியர் லிவர் எல்லாம் சேர்ந்து நடுங்குகின்றன. ஏன் என்று புரிய வேண்டுமானால் என்ஜின் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும்.

என்ஜினைக் காரின் உடம்போடு நேராக போல்ட் போட்டு முறுக்கிவிடுவதில்லை. இடையில் இரும்பும் ரப்பரும் ஒட்டிய மவுண்டிங்குகள் மூன்றோ நான்கோ இருக்கும். என்ஜின் பக்கம் ஒன்று, கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று, என்ஜின் முன்னும் பின்னும் புரளாமல் பிடித்துக்கொள்ள ஒன்றோ இரண்டோ. இவை என்ஜினைத் தாங்குகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். அதிர்வை எப்படி வடிகட்டுகின்றன என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

சேலைத் தொட்டிலை ஸ்பிரிங்கில் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்பிரிங்கின் மேல்முனையைக் கையில் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கையை மெதுவாக ஏற்றி இறக்கினால் தொட்டிலும் கூடவே ஏறி இறங்கும். தொட்டில் தானாக ஆடுகிற தாளத்தில் கையை ஆட்டினால், கை ஆடுவதைவிடப் பல மடங்கு துள்ளும். கையைப் படபடவென்று வேகமாக நடுக்கினாலோ, கைதான் நடுங்கும், தொட்டிலில் பிள்ளை அசையாமல் தூங்கும். மவுண்டிங் இந்த மூன்றாவது நிலையை நம்பித்தான் செய்யப்பட்டிருக்கிறது. நடுங்குகிற கை என்ஜின், தொட்டில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் காரின் உடம்பு. என்ஜினின் தாளம் மவுண்டிங்கின் சொந்தத் தாளத்தைவிடப் போதுமான அளவு வேகமாக இருக்கும்வரை நமக்கு ஒன்றும் தெரியாது. கணக்கில் சொன்னால், சொந்தத் தாளத்தைப் போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால்தான் வடிகட்டலே தொடங்கும். அதற்குக் கீழே மவுண்டிங் அதிர்வைக் கூட்டித்தான் கொடுக்கும்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஆல்டோ 800 போன்ற மூன்று சிலிண்டர் என்ஜின் நிமிஷத்துக்கு 800 சுற்றில் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஓடுகிறது. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எரிபொருள் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும். ஆக நிமிஷத்துக்கு 1200 வெடிப்பு, நொடிக்கு 20. மவுண்டிங்கின் சொந்தத் தாளம் நொடிக்கு 10 என்று வைத்துக்கொண்டால், என்ஜின் அதைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் இருக்கிறது. அதிர்வில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே வரும். பத்து வருஷத்தில் என்ஜின் சூட்டில் வெந்து ரப்பர் இறுகி, அதன் விறைப்பு இரண்டு மடங்காகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத் தாளம் 14-க்கு ஏறிவிடும். 20-ஐ 14-ஆல் வகுத்தால் 1.4. வடிகட்டல் பூஜ்ஜியம், என்ஜின் ஆடுவது அப்படியே சீட்டுக்கு வந்து சேரும். இதோடு ஏசி கம்ப்ரசர் சுமையில் ஐடில் 700-க்கு இறங்கினால் வெடிப்பு நொடிக்கு 17.5 ஆகிறது. இன்னும் மோசம்.

நான்கு சிலிண்டர் சான்ட்ரோவுக்கும் இண்டிகாவுக்கும் இதே 800 சுற்றில் நொடிக்கு 27 வெடிப்பு. ரப்பர் இறுகினாலும் அவற்றுக்குக் கொஞ்சம் இடைவெளி மிச்சம் இருக்கிறது. மாருதி 800-உம் ஆல்டோவும் 2010-க்குப் பிந்தைய 1 லிட்டர் வேகன் ஆரும் நிற்கும்போது கூடுதலாக உதறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். மூன்று பிஸ்டன் வரிசையாக இருக்கும் என்ஜின் இரு முனைகளிலும் மேலும் கீழுமாக ஆட முயல்வது இன்னொரு காரணம். அது பிறவிக் குணம், மருந்து கிடையாது. சாவியை அணைக்கும்போது கடைசியாக ஒரு குலுக்கு குலுக்கி நிற்பதும் இந்தக் கணக்குத்தான். சுற்று குறைந்து வருகிற வழியில் மவுண்டிங்கின் சொந்தத் தாளத்தைக் கடந்துதான் நிற்க வேண்டும். லேசான குலுக்கல் இயல்பு. பானெட்டே தூக்கிப் போடுகிற மாதிரி இருந்தால் மவுண்டிங் போயிருக்கிறது.

மவுண்டிங் மாற்றுவதற்கு முன்னால்

இங்கேதான் பணம் வீணாகிறது. உதறல் என்றதும் மவுண்டிங் செட் மாற்றிவிடுகிறார்கள். இரண்டு நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. காரணம், என்ஜினே சரியாக வெடிக்கவில்லை.

ஒரு சிலிண்டர் அவ்வப்போது வெடிக்காமல் தவறினால், அந்தக் குறை இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வரும். 800 சுற்றில் நொடிக்கு 6 அல்லது 7 தடவை. இது மவுண்டிங்கின் சொந்தத் தாளத்துக்கும் கீழே. கம்பெனியிலிருந்து நேற்று வந்த புது மவுண்டிங்காலும் இதைத் தடுக்க முடியாது. இரண்டையும் வண்டியின் உடம்பே பிரித்துக் காட்டும். மவுண்டிங் இறுகினால் வருவது சீரான, பொடியான நடுக்கம், டேஷ்போர்டில் வைத்த செல்போன் மெல்ல நகர்ந்து போகும். சிலிண்டர் தவறினால் வருவது தாளம் தப்பிய உதறல், "தக்... தக்தக்... தக்" என்று வண்டி தோளைக் குலுக்கும். சைலன்சர் முனையில் கையை எட்ட வைத்துப் பார்த்தால் காற்று விட்டுவிட்டு வருவது தெரியும்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக், பிளக் ஒயர் அல்லது காயில், ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடியில் படிந்த கரி, வெடித்துப் போன வேக்கும் ஹோஸ். டீசலில் இன்ஜெக்டர், டீசல் ஃபில்டர். ஐடில் சுற்று சரியாக இருக்கிறதா, ஏசி போட்டதும் கொஞ்சம் ஏறி நிற்கிறதா என்று ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். இவை சரியான பிறகும் நடுக்கம் இருந்தால் மவுண்டிங்குக்கு வாருங்கள்.

மவுண்டிங்கைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஓட்டத் தெரிந்தவர் உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை முழுசாக மிதித்து, ஹேண்ட்பிரேக்கும் போட்டு, முதல் கியரில் கிளட்சைத் துளி மட்டும் விட்டு உடனே மிதிக்க வேண்டும். பிறகு ரிவர்ஸில் அதையே செய்ய வேண்டும். நீங்கள் பானெட்டைத் திறந்துவைத்துப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு நேர் முன்னால் நிற்கக் கூடாது. என்ஜின் கொஞ்சம் சாய்ந்து திரும்பினால் சரி. தூக்கிப் போட்டு "டொக்" என்று இடித்தால் ரப்பர் கிழிந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே விரிசல், ஒரு பக்கம் அமுங்கிப்போன நிலை, சில வண்டிகளில் உள்ளிருக்கும் திரவம் கசிந்த கறை தெரியும்.

ரப்பரைப் பற்றி குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் ரப்பரில் பெரும்பகுதி குலசேகரம், அருமனை, கீரிப்பாறைப் பக்கத்து மரங்களிலிருந்துதான் வருகிறது. என்ஜின் மவுண்டிங்கில் பெரும்பாலும் இருப்பது அந்த இயற்கை ரப்பர்தான், கந்தகமும் கார்பன் கரியும் சேர்த்து வேகவைத்தது. துள்ளுவதிலும் இழுபட்டுத் திரும்புவதிலும் அதற்கு இணை குறைவு. ஆனால் எண்ணெய் அதற்கு எமன். என்ஜின் ஆயில் பட்டுக்கொண்டே இருந்தால் ஊதி, மெத்தென்றாகி, கிழியும். மேலே வால்வ் கவர் கேஸ்கெட்டில் ஆயில் கசிந்து கீழே மவுண்டிங்கில் சொட்டுவது பழைய வண்டிகளில் சர்வசாதாரணம். கசிவை நிறுத்தாமல் மவுண்டிங் மட்டும் மாற்றினால் அதையும் அந்த ஆயில் தின்றுவிடும்.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். எல்லா போல்ட்டையும் பாதி முறுக்கில் விட்டு, என்ஜினைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டி, தன் இடத்தில் உட்காரவிட்டுப் பிறகுதான் முழுசாக முறுக்க வேண்டும். அவசரத்தில் ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டே போனால் புது ரப்பர் பிறக்கும்போதே முறுகிக்கொண்டு நிற்கும். "புதுசு போட்டும் நடுங்குது" என்பதில் சில இந்த வகை. பந்தய வண்டிகளுக்கான பாலியூரித்தேன் மவுண்டிங்கை ஸ்ட்ராங்காக இருக்கும் என்று யாராவது சிபாரிசு செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேலே பார்த்த கணக்கின்படி விறைப்பு கூடுவதுதான் நம் நோயே.

சைலன்சரும் உப்புக்காற்றும்

முட்டம், கடியப்பட்டணம், குளச்சல், தேங்காப்பட்டணம் என்று கடலோரத்தில் நிற்கிற வண்டிகளுக்கு இது தனிப் பாடம். சைலன்சர் குழாயை அடியில் ரப்பர் வளையங்கள் தொங்கவிட்டிருக்கும். வளையம் அறுந்தாலோ, அதை மாட்டியிருக்கும் கொக்கி துருவில் தின்னப்பட்டாலோ, குழாய் உடம்பைத் தொடும். என்ஜின் அதிர்வுக்கு அது குறுக்குவழி.

இன்னொன்று, குழாய்க்கு மேலே இருக்கும் மெல்லிய வெப்பத் தடுப்புத் தகடு. அதன் போல்ட் ஓட்டை உப்பில் அரித்துப் பெரிதாகிவிட்டால் ஒரு குறிப்பிட்ட சுற்றில் மட்டும் "ஜ்ர்ர்" என்று தகர டப்பா சத்தம் வரும். சுற்றைக் கூட்டினாலோ குறைத்தாலோ நிற்கும். ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி முறுக்கினால் தீர்ந்தது. என்ஜின் ஆறியபின் கைவையுங்கள்.

உள்ளே கடகடப்பது

கேபின் சத்தத்தைத் தேடுவதற்கு முன் வண்டியைக் காலி செய்யுங்கள். கதவுப் பையில் இருக்கும் தண்ணீர் பாட்டில், டாஷ்போர்டுப் பெட்டிக்குள் சில்லறை, கண்ணாடியில் தொங்கும் சிலுவையோ ருத்ராட்சமோ, டிக்கியில் ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி, எல்லாவற்றையும். ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்து கிடப்பதை மட்டும் சரிசெய்து நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. காலியான வண்டியைப் பேச்சிப்பாறைப் பக்கத்து எஸ்டேட் சாலை மாதிரி ஒன்றில் மெதுவாக விடுங்கள். ஓட்டுவது வேறொருவர். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் வரும்போது கையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தினால் நிற்கிறதோ அங்கே ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு உரசினால் "கீச் கீச்", தட்டினால் "டிக் டிக்". இரண்டுக்கும் நடுவில் துணி போன்ற ஃபெல்ட் டேப் ஒரு விரல் அகலம் ஒட்டினால் அடங்கும். உடைந்த கிளிப்புக்குப் புது கிளிப்தான் வழி. அழுத்திச் சொருகிய காகிதம் வெயிலில் சுருங்கி விழுந்துவிடும். யாரும் உட்காராத பக்கத்து சீட் பெல்ட்டின் கொக்கி தூணில் இடிப்பதைப் பெரும்பாலும் யாரும் சந்தேகப்படுவதில்லை. கதவு ஆடினால் பூட்டு மாட்டும் கொக்கியை மயிரிழை உள்ளே தள்ளி முறுக்கலாம். டிக்கி கதவின் இரு ஓரமும் இருக்கும் ரப்பர் குமிழ்களைப் பல வண்டிகளில் திருகி வெளியே கொண்டுவர முடியும், கதவு அழுந்தி மூடும்.

கதவு ரப்பர் கீச்சிட்டால் சிலிகான் ஸ்பிரே. நம் ஊரில் எதற்கும் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலுக்குத்தான். இதற்கு வேண்டாம். தூசியையும் கடற்கரை மணலையும் பிடித்து வைத்துக்கொண்டு இரண்டு வாரத்தில் அரைக்கத் தொடங்கும்.

டாஷ்போர்டுக்குள்ளிருந்து வருவதாக நீங்கள் சத்தியம் செய்யக்கூடிய ஒரு "டொக் டொக்" உண்டு. சின்னக் குழியில், மெதுவாகப் போகும்போது, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இறங்கினால் வரும். மார்த்தாண்டம் மேம்பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போதும் கேட்கும். அது பெரும்பாலும் கீழே, ஸ்டெபிலைசர் லிங்க் ராடிலோ லோயர் ஆர்ம் புஷ்ஷிலோ, ஷாக் அப்சார்பரின் மேல்பக்க மவுண்டிலோ இருக்கும். டாஷ்போர்டைக் கழற்றுமுன் வண்டியைத் தூக்கி இவற்றை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட் ஆடுகிறது என்று சொன்னால் சத்தத்தை மறந்துவிட்டு அன்றைக்கே மாற்றுங்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

ஷீட் ஒட்டுவது கடைசியில்

மேலே அலுமினியத் தாளும் கீழே பிசினும் இருக்கும் பியூட்டைல் ஷீட்டைக் கதவுத் தகட்டில் ஒட்டினால் தகடு அதிர்ந்து "டங்" என்று ஒலிப்பது "தம்" என்றாகும். நல்ல பொருள்தான். ஆனால் தளர்ந்த மவுண்டிங்கையும் துரு தின்ற சைலன்சர் கொக்கியையும் அப்படியே விட்டுவிட்டு, வண்டி முழுக்க ஷீட் ஒட்டுவதில் பணத்தைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஷீட் தகட்டின் ஒலியைத்தான் அடக்கும், என்ஜின் நடுக்கத்தைத் தொடக்கூட முடியாது. ஒவ்வொரு தகட்டின் நடுப்பகுதியிலும் மூன்றில் ஒரு பங்கு பரப்புக்கு ஒட்டினாலே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மூலை முடுக்கெல்லாம் ஒட்டுவது கடைக்காரருக்கு லாபம், வண்டிக்குச் சுமை. மலிவான தார் ஷீட் சித்திரை வெயிலில் இளகி நாற்றமடிக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேற, கதவின் அடிவிளிம்பில் சிறு ஓட்டைகள் இருக்கும். ஷீட்டோ பசையோ அவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் தேங்கி, கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஒட்டி முடித்ததும் கதவு அட்டையைத் திரும்ப மாட்டுமுன், கண்ணாடியின் வெளிப்பக்க ரப்பர் ஓரமாக ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே எல்லா ஓட்டையிலும் ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகு கூலியைக் கொடுங்கள்.